கீமோ மருந்தை சீரத்தில் மின்வேதி முறையில் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மின்முனை வைத்து அளக்கும் வேலை என்னுடையது. மாணவர்கள், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள், சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டார் எனப் பலரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட், டாக்ஸோரூபிசின் என்ற இரண்டு மருந்துகளை எடுத்துக்கொண்டேன். இரண்டும் பழைய மருந்துகள், இன்றும் அன்றாடம் பயன்படுபவை, மின்முனையில் நேர் எதிராக நடந்துகொள்பவை. இதைப் படித்துவிட்டு மருந்தளவு பற்றி யாரும் முடிவெடுக்க வேண்டாம். அதை உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

1. சர்க்கரைக்குப் பார்க்கிற மாதிரி கீமோ மருந்தையும் ரத்தத்தில் பார்ப்பார்களா? எங்க அப்பாவுக்கு யாரும் பார்க்கலையே?

பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு அப்படிப் பார்ப்பதில்லை. உயரத்தையும் எடையையும் வைத்து உடல் பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுக்கிறார்கள். அப்புறம் ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் நிலவரம் பார்த்து அடுத்த சுற்றை முடிவு செய்கிறார்கள். அப்பாவுக்குப் பார்க்கவில்லை என்றால் அதில் கவனக்குறைவு எதுவும் இல்லை.

கட்டாயம் பார்த்தாக வேண்டியது, அதிக அளவில் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். சதுர மீட்டருக்கு 500 மில்லிகிராமைத் தொட்டாலே அது அதிக அளவு. எலும்புப் புற்றுநோயில் 12 கிராம் வரை போவதுண்டு. அப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்தான அளவு அது. அதனால் சுமார் ஒரு நாள் கழித்து லியூகோவோரின் என்ற மீட்பு மருந்தைத் தொடங்கி, நல்ல செல்களைக் காப்பாற்றுகிறார்கள். அதை எவ்வளவு, எத்தனை நாள் கொடுப்பது என்பதை ரத்தத்தில் மீதமிருக்கும் மெத்தோட்ரெக்சேட்தான் தீர்மானிக்கிறது. 48 மணி நேரத்தில் 1 மைக்ரோமோலாருக்கு (லிட்டருக்கு ஒரு மோலின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேலோ, 72 மணி நேரத்தில் 0.1 மைக்ரோமோலாருக்கு மேலோ இருந்தால், உடலை விட்டு மருந்து வெளியேறத் தாமதமாகிறது என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். மருத்துவமனைக்கு மருத்துவமனை நெறிமுறை கொஞ்சம் மாறும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலமுறை தேவைப்படும்.

எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் கொடுக்கும் புசல்ஃபானுக்கும் பல மையங்களில் அளவு பார்க்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப்புக்கு, அடுத்த மாத்திரைக்கு முந்தைய அளவு மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராம் இருந்தால் நல்லது என்ற கணக்கு உண்டு.

2. ரத்தத்துக்குள்ள கரண்ட் விட்டுப் பார்ப்பீங்களா? ஷாக் அடிக்காதா?

நோயாளி மேல் எதுவும் படாது. வழக்கம்போல ஊசியில் எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த கொஞ்சம் சீரத்தை ஒரு சிறு கலத்தில் விட்டு, அதில் மூன்று மின்முனைகளை வைக்கிறோம். ஒன்றில் வினை நடக்கிறது. இரண்டாவது, மின்னழுத்தத்தை எதை வைத்து அளப்பது என்பதற்கான ஒப்பீட்டு மின்முனை. வெள்ளி-வெள்ளி குளோரைடுதான் வழக்கம். மூன்றாவது சுற்றை முடித்துவைக்கிறது. கொடுக்கும் அழுத்தம் ஒன்றரை வோல்ட்டுக்கு உள்ளேதான் இருக்கும். ஓடும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியரிலோ, நானோ ஆம்பியரிலோ இருக்கும்.

மருந்து மூலக்கூறு மின்முனையில் எலக்ட்ரானைக் கொடுத்தால் ஆக்சிஜனேற்றம், வாங்கினால் ஒடுக்கம். எந்த வோல்ட்டில் இது நடக்கிறது என்பதை வைத்து எந்த மருந்து என்று ஊகிக்கிறோம், எவ்வளவு மின்னோட்டம் என்பதை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். ‘ஊகிக்கிறோம்’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். காரணம் 13-ஆம் கேள்வியில்.

3. எல்லா கீமோ மருந்தையும் இப்படி அளந்துடலாமா?

முடியாது. எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ கூடிய பகுதி மூலக்கூறில் இருக்க வேண்டும். டாக்ஸோரூபிசினில் குயினோன் இருக்கிறது. அது சுமார் −0.6 வோல்ட் வட்டாரத்தில் ஒடுக்கம் அடையும், அதே மூலக்கூறின் ஹைட்ரோகுயினோன் பகுதி நேர்ப் பக்கத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும். மைட்டோமைசின்-சி-யிலும் குயினோன் உண்டு. எட்டோபோசைடில் ஃபீனால் இருக்கிறது, நல்ல பீக் (மின்னோட்ட வரைபடத்தில் எழும் முகடு) தரும். மெத்தோட்ரெக்சேட்டில் டெரிடின் வளையம். அது 0.8-0.9 வோல்ட் பக்கத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும், பி.எச். மாறினால் பீக் நகரும்.

5-ஃப்ளூரோயுராசில் ஒரு வோல்ட்டுக்கும் மேலே போனால்தான் அசைகிறது. அந்த உயரத்தில் சீரத்திலிருக்கும் மற்றவையும் தண்ணீரும்கூட வினைக்கு வந்துவிடும். புசல்ஃபானிலும் சைக்ளோஃபாஸ்ஃபமைடிலும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அவற்றை நேரடியாக அளக்கும் யோசனையை விட்டுவிடலாம். சிஸ்பிளாட்டின் தனிக் கதை, 10-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

4. சீரமா, பிளாஸ்மாவா? எது வேணும்?

ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளிவாக நிற்பதை எடுத்தால் சீரம். உறையாமல் தடுக்கும் மருந்து சேர்த்து, சுழற்றிப் பிரித்தால் பிளாஸ்மா. மின்வேதிக்கு சீரம் கொஞ்சம் வசதி: உறைவை உண்டாக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் போய்விடுகிறது, உறையாமல் தடுக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. போன்ற கூடுதல் பொருளும் இல்லை. ஆனால் உறைவதற்கு அரை மணி நேரம் போல ஆகும். அந்த நேரத்துக்குள் சிதையும் மருந்தென்றால் சீரம் உதவாது. 5-ஃப்ளூரோயுராசிலின் அரை ஆயுளே சுமார் 10-20 நிமிடங்கள். எடுத்த ரத்தத்திலும் அது சிதைந்துகொண்டே இருக்கும், ஐஸில் வைத்து உடனே பிரிக்க வேண்டும்.

5. பஃபரில் பீக் அழகா வருது. சீரம் ஊத்தினதும் காணாமல் போயிடுது. மருந்து கெட்டுப்போச்சா?

இந்தக் கேள்வியைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறேன். பஃபர் என்பது பி.எச். மாறாமல் வைத்திருக்கும் வெறும் கரைசல். மருந்து கெடவில்லை. மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்து பீக்கை விழுங்குகின்றன.

முதலாவது புரதம். ஒரு லிட்டர் சீரத்தில் 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் ஆல்புமின். பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஆடை ஒட்டுவதுபோல அது மின்முனையின் மேல் ஒட்டிக்கொள்கிறது, அதுவும் சில நொடிகளிலேயே தொடங்கிவிடுகிறது. மருந்து மேற்பரப்பை அடைய முடிவதில்லை. பீக் சிறுத்து, அகன்று, வோல்ட்டும் நகர்கிறது. இரண்டாவது, மருந்தே புரதத்தோடு பிணைந்திருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டில் ஏறக்குறைய பாதியும், டாக்ஸோரூபிசினில் முக்கால் பங்கும், இமாட்டினிப்பில் 95 சதவீதமும் பிணைந்தே இருக்கும். மின்முனைக்குத் தெரிவது பெரும்பாலும் பிணையாத பங்குதான்.

மூன்றாவது, கூட்டம். சீரத்தில் யூரிக் அமிலம் மட்டும் சுமார் 0.3 மில்லிமோலார் இருக்கிறது. 72 மணி நேரத்தில் நாம் தேடும் மெத்தோட்ரெக்சேட் 0.1 மைக்ரோமோலார். அதாவது யூரிக் அமிலம் 3000 மடங்கு அதிகம், அதுவும் மின்முனையில் நன்றாகவே வினை புரிகிறது. வைட்டமின் சி, பிலிருபின், காய்ச்சலுக்குச் சாப்பிட்ட பாராசிட்டமால் எல்லாம் கூடவே வரும். ஒடுக்கப் பக்கம் போனால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வந்து நிற்கும். டாக்ஸோரூபிசினின் குயினோன் பீக்கைப் பார்ப்பதற்கு முன் பத்து நிமிடமாவது நைட்ரஜன் ஓட்டச் சொல்வது அதனால்தான்.

6. அப்போ புரதத்தை எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுதா?

முதல் காரணம் பெருமளவு தீரும். அசிட்டோநைட்ரைல், மெத்தனால், பெர்குளோரிக் அமிலம் என ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் புரதத்தைத் திரளவைத்து, சுழற்றி, மேலே நிற்பதை எடுக்கலாம். பிணைந்திருந்த மருந்தும் விடுபடும் என்பதால் மொத்த அளவு கிடைக்கும். ஆனால் யூரிக் அமிலம் முதலான சின்ன மூலக்கூறுகள் அப்படியே மிஞ்சும். சேர்த்த கரைப்பான் மருந்தை நீர்த்துப்போகச் செய்வதோடு, மின்முனையில் மருந்து ஒட்டுவதையும் கெடுக்கும். அதனால் அதை ஆவியாக்கிவிட்டு பஃபரில் மறுபடி கரைப்பது நல்லது.

கூடவே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: உங்களுக்கு மொத்த அளவு வேண்டுமா, பிணையாத அளவு வேண்டுமா? கேள்வி 1-இல் சொன்ன வரம்புகள் மொத்த அளவுக்கானவை. வெறும் நீர்த்த சீரத்தில் அளந்துவிட்டு அந்த வரம்புகளோடு ஒப்பிட்டால், நீர்த்ததில் எவ்வளவு பிணைப்பு விடுபட்டது என்பது தெரியாமலே ஒப்பிடுகிறீர்கள். பிணையாதது மட்டும் வேண்டும் என்றால், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைத் தடுக்கும் 30 கிலோடால்டன் வடிகட்டிச் சவ்வு வழியாகச் சீரத்தைச் சுழற்றி, கீழே இறங்குவதை அளக்க வேண்டும்.

7. யூரிக் அமிலத்தைத் தடுக்க நாஃபியான் பூசினால் போதும்னு சீனியர் சொன்னார். சரியா?

டாக்ஸோரூபிசினுக்கு சரி, மெத்தோட்ரெக்சேட்டுக்குத் தப்பு. நாஃபியான் எதிர்மின் சுமை உள்ள படலம். உடலின் பி.எச்.-இல் யூரேட்டும் (யூரிக் அமிலம்) அஸ்கார்பேட்டும் (வைட்டமின் சி) எதிர்மின் சுமை கொண்டவை, ஆகவே விலக்கப்படும். டாக்ஸோரூபிசினின் அமீன் குழு நேர்மின் சுமை கொண்டது, உள்ளே இழுக்கப்படும். நல்ல பொருத்தம்.

மெத்தோட்ரெக்சேட்டில் இரண்டு கார்பாக்சில் குழுக்கள் இருக்கின்றன. பி.எச். 7.4-இல் அதுவும் எதிர்மின் சுமை கொண்டதே. யூரேட்டைத் துரத்தும் படலம் நாம் தேடும் மருந்தையும் சேர்த்துத் துரத்திவிடும். பி.எச்.-ஐ நன்றாகக் கீழே இறக்கினால் நிலைமை மாறும். பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் மருந்தின் பி.கே.ஏ. மதிப்புகளை (எந்த பி.எச்.-ஐ ஒட்டி மூலக்கூறின் சுமை மாறுகிறது என்பதை) பார்த்துவிடுங்கள், நாட்கள் மிச்சமாகும்.

8. சி.வி., டி.பி.வி., எஸ்.டபிள்யூ.வி. இதில் எதில் அளக்கணும்?

வோல்ட்டை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பார்க்கும் சைக்ளிக் வோல்டாமெட்ரி எனும் சி.வி. மூலக்கூறு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள: வினை மீளக்கூடியதா, மருந்து மேற்பரப்பில் ஒட்டுகிறதா, எத்தனை புரோட்டான். குறைந்த செறிவை அளக்க அது உதவாது. வோல்ட்டை மாற்றும்போதெல்லாம் மின்முனையின் பரப்பு சார்ஜ் ஆவதற்கென்றே ஒரு மின்னோட்டம் ஓடும், மருந்தின் சின்ன மின்னோட்டம் அதில் மூழ்கிவிடும்.

டிஃபரென்ஷியல் பல்ஸ் (டி.பி.வி.), ஸ்குவேர் வேவ் (எஸ்.டபிள்யூ.வி.) இரண்டும் இதற்குத்தான் வந்தன. ஒரு சின்னத் துடிப்பைக் கொடுத்துவிட்டு, அதன் முடிவில் அளக்கின்றன. சார்ஜ் மின்னோட்டம் அதற்குள் வேகமாகத் தேய்ந்துவிடும், மருந்தின் மின்னோட்டம் மெதுவாகத் தேய்வதால் மிச்சம் நிற்கும். மருந்து மின்முனையில் ஒட்டும் வகை என்றால் முதலில் ஓரிரு நிமிடம் சேரவிட்டு அப்புறம் அளக்கலாம், உணர்திறன் பல மடங்கு கூடும். டாக்ஸோரூபிசின் நன்றாக ஒட்டும். ஆனால் சேரவிடும் அதே நிமிடங்களில் புரதமும் சேர்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

9. எந்த மின்முனை வாங்கலாம்? பழைய கட்டுரைகளில் பாதரசம்னு இருக்கே?

இந்தத் துறையே பாதரசத்தில்தான் பிறந்தது. பிராகாவில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் சொட்டும் பாதரசத்தை மின்முனையாக்கி, வோல்ட்டுக்கு எதிராக மின்னோட்டத்தை வரையும் போலரோகிராஃபி முறையைக் கண்டுபிடித்தார், அதற்காக 1959-இல் நோபல் பரிசு பெற்றார். அவரோடு வேலை செய்த ருடால்ஃப் பிர்டிச்கா 1930-களில் கோபால்ட் கரைசலில் சீரப் புரதங்கள் தரும் அலையைக் கவனித்து, அதை வைத்துப் புற்றுநோயையே கண்டறிய முடியுமா என்று பார்த்தார். வேறு நோய்களிலும் அந்த அலை மாறியதால் அது புற்றுநோய்க்கே உரிய பரிசோதனையாக நிற்கவில்லை. இருந்தாலும் மின்முனையையும் புற்றுநோயாளியின் சீரத்தையும் சேர்த்துவைத்த அந்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்தமானது.

பாதரசச் சொட்டின் பெரிய வசதி, ஒவ்வொரு அளவுக்கும் புதுப் பரப்பு. புரதம் ஒட்டினாலும் அந்தச் சொட்டோடு போய்விடும். நச்சுத்தன்மையால் இன்று அதை விட்டு விலகிவிட்டோம். இப்போது அந்த வசதியைத் தருவது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அச்சிட்ட மின்முனைதான். கிளாசி கார்பன் (கண்ணாடி போன்ற கடினக் கரி) என்றால் ஒவ்வொரு சீர அளவுக்குப் பின்னும் அலுமினாப் பொடியில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். 0.9 வோல்ட்டுக்கு மேல் போக வேண்டியிருந்தால் போரான் கலந்த வைரம் நல்லது. பின்னணி மின்னோட்டம் குறைவு, புரதமும் குறைவாகவே ஒட்டும்.

நானோகுழாய், கிராஃபீன், தங்கத் துகள் என்று நான்கைந்தை ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசும் கட்டுரைகள் குவிகின்றன. பூச்சு கூடக்கூட ஒரு மின்முனைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் கூடும். எளிய மின்முனையில் நேர்த்தியான மாதிரித் தயாரிப்புக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

10. சிஸ்பிளாட்டினில் பிளாட்டினம் உலோகம் இருக்கே, அதை நேரா அளக்க முடியாதா?

முடியும், உணர்திறனும் அபாரமானது. சீரத்தை அமிலத்தில் முழுவதும் எரித்துச் செரிக்கவிட்டு, பிளாட்டினத்தை ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரசீன் சேர்ந்த கரைசலில் பாதரசச் சொட்டின் மேல் சேரவிடுவார்கள். அங்கே அது ஹைட்ரஜன் உருவாவதை வினையூக்கியாக நின்று தூண்டுகிறது. ஒரு துளி பிளாட்டினத்துக்கும் பெரிய மின்னோட்டம் கிடைக்கும். செரிப்பு அரைகுறையாக இருந்து கரிமப் பொருள் மிஞ்சினால் எல்லாம் பாழ்.

கிடைப்பது மொத்தப் பிளாட்டினம். சிஸ்பிளாட்டின் சில மணி நேரத்துக்குள் பெரும்பகுதி புரதத்தோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடும், அந்தப் பங்கு இனி மருந்தாக வேலை செய்யாது. அதனால் ரத்தம் எடுத்த உடனே வடிகட்டி, பிணையாத பிளாட்டினத்தை மட்டும் அளந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. இந்த மருந்தின் புற்றுநோய்ப் பயன் தெரியவந்ததே ஒரு மின்முனைச் சோதனையில்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாக்களுக்கு நடுவே பிளாட்டின மின்முனை வைத்து மின்சாரம் செலுத்தினார். அவை பிளவுபடாமல் இழை இழையாக நீண்டன. மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மம்தான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்து 1965-இல் வெளியிட்டார். 1978-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது.

11. லேப் ரிப்போர்ட்டில் ஈ.சி.எல்.ஐ.ஏ. முறைன்னு போட்டிருக்கு. அது இதுதானே?

இல்லை. அங்கே ஆன்டிபாடி வைத்துப் பிடித்து, ருத்தேனியச் சேர்மத்தை மின்முனையில் ஒளிரவைத்து, அந்த ஒளியை அளக்கிறார்கள். சி.இ.ஏ. போன்ற புற்றுநோய்க் குறியீடுகளுக்கும் ஹார்மோன்களுக்கும் அது வரும். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது மருந்தின் அளவு அல்ல.

12. கண்டறியும் எல்லை 5 நானோமோலார்னு ஒரு கட்டுரையில் இருக்கு. அப்போ மருத்துவமனைக்குத் தாராளமாப் போதுமே?

எந்தத் திரவத்தில் 5 நானோமோலார் என்று பாருங்கள். பெரும்பாலும் பஃபரில் இருக்கும். சீரத்துக்கு வரும்போது அதை 100 மடங்கு நீர்த்திருப்பார்கள், அந்த வரி செய்முறைப் பகுதியில் ஒரு ஓரத்தில் இருக்கும். நீர்த்த கலத்தில் 5 நானோமோலார் என்றால் நோயாளியின் சீரத்தில் அது 500 நானோமோலார், அதாவது 0.5 மைக்ரோமோலார். 72 மணி நேர வரம்பு 0.1. ஆக, அந்த மின்முனைக்கு அது கண்ணுக்கே தெரியாது.

இன்னும் ஒன்று. கண்டறியும் எல்லை என்பது ‘ஏதோ இருக்கிறது’ என்று சொல்லக்கூடிய அளவு. பின்னணிச் சிதறலின் 3 மடங்கை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். நம்பி ஓர் எண் சொல்ல 10 மடங்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் அதே மின்முனையால் சுமார் 1.7 மைக்ரோமோலாருக்குக் கீழே எண் சொல்ல முடியாது. 48 மணி நேர வரம்பும் கைநழுவிவிட்டது. மறுபக்கமும் உண்டு: அதிக அளவு மருந்து ஏற்றி முடித்த நேரத்தில் ரத்தத்தில் 1000 மைக்ரோமோலார் வரை இருக்கலாம். அங்கே நீர்த்தல் தேவைதான். ஒரே நோயாளியிடம் பத்தாயிரம் மடங்கு வித்தியாசத்தை அளக்க வேண்டியிருப்பதால், ஒரே நீர்த்தல் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது.

13. பீக் அதே வோல்ட்டில் வருது. அப்போ அது மருந்துதானே?

அது மருந்தாக இருக்கலாம், அதன் உறவாகவும் இருக்கலாம். டாக்ஸோரூபிசினை உடல் டாக்ஸோரூபிசினால் என்ற பொருளாக மாற்றுகிறது. மாற்றம் நடப்பது பக்கச் சங்கிலியில். மின்முனை பார்க்கும் குயினோன் அப்படியே இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் பீக் தரும், நீங்கள் அளப்பது கூட்டுத்தொகை.

மெத்தோட்ரெக்சேட்டில் நிலைமை இன்னும் சிக்கல். மருந்து ஏற்றி ஒரு நாள் ஆகும்போது 7-ஹைட்ராக்சி மெத்தோட்ரெக்சேட் என்ற வளர்சிதைப் பொருள் மூல மருந்தைவிட அதிகமாகவே இருக்கலாம். அது போதாதென்று, நாமே கொடுக்கும் லியூகோவோரின் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தை ஒத்த வடிவில், ஃபோலேட்டின் வேலையைத் தடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. 1940-களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செய்தது எல்லப்பிரகட சுப்பாராவின் குழு. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். லியூகோவோரினும் அதே ஃபோலேட் குடும்பம், அதுவும் மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையும். 48, 72 மணி நேர மாதிரி எதை எடுத்தாலும் அதில் லியூகோவோரின் கட்டாயம் இருக்கும். குறுக்கீடு சோதிக்கும்போது குளுக்கோஸ், சோடியம், யூரியா என்று பட்டியல் போட்டுவிட்டு இதை விட்டுவிடும் ஆய்வுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் நிச்சயமாக இருக்கப்போகும் பொருளையல்லவா முதலில் சோதிக்க வேண்டும்?

14. குளுகார்பிடேஸ் கொடுத்த நோயாளிக்கு மின்முனை சரியான அளவைக் காட்டுமா?

சிறுநீரகம் பாதித்து மெத்தோட்ரெக்சேட் வெளியேறாமல் தங்கிவிட்டால் கொடுக்கும் நொதி குளுகார்பிடேஸ். 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மருந்தின் குளூட்டமேட் வாலை வெட்டிவிடும். மிஞ்சும் துண்டுக்கு டாம்பா என்று பெயர், அதற்கு மருந்தின் வேலை இல்லை. வழக்கமான ஆன்டிபாடிப் பரிசோதனை இந்தத் துண்டையும் மருந்து என்றே எண்ணி, அளவைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் நொதி கொடுத்த பின் குறைந்தது 48 மணி நேரத்துக்கு எச்.பி.எல்.சி. அல்லது எல்.சி.-எம்.எஸ். போன்ற பிரித்தளக்கும் முறையை நாடச் சொல்கிறார்கள்.

மின்முனையும் அதே பொறியில்தான் விழும். அது பார்க்கும் டெரிடின் வளையம் டாம்பாவில் முழுதாக இருக்கிறது, போனது வால் மட்டுமே. பிரித்தளக்காமல் நேரடியாக எடுத்த எண்ணை இந்த நோயாளிக்கு நம்பக் கூடாது. எச்.பி.எல்.சி.யில் முதலில் பிரித்து, கடைசியில் மின்வேதி உணர்வியால் அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

15. ஸ்பைக் செய்த (நாங்களே மருந்து கலந்த) சீரத்தில் ரிக்கவரி (கலந்ததில் அளவில் திரும்பக் கிடைத்தது) 99 சதவீதம் வந்திருக்கு. இனி என்ன வேணும்?

நோயாளியின் சீரம் வேண்டும். கடையில் வாங்கிய ஒரே சீரத்தை நீர்த்து, நீர்த்த பிறகு மருந்தைக் கலந்து, உடனே அளந்தால் 99 வராமல் போனால்தான் அதிசயம். மருந்து புரதத்தோடு பிணைய நேரமே கொடுக்கவில்லை, வளர்சிதைப் பொருளும் இல்லை, துணை மருந்துகளும் இல்லை. கலப்பதானால் நீர்க்காத முழுச் சீரத்தில் கலந்து, 37 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம் தொடங்குங்கள்.

உயிர் மாதிரிகளில் மருந்தை அளக்கும் முறைகளுக்காக 2022-இல் ஏற்கப்பட்ட சர்வதேச ஐ.சி.எச். எம்-10 நெறிமுறை குறைந்தது ஆறு தனி நபர்களின் வெற்று மாதிரிகளில் குறுக்கீட்டைப் பார்க்கச் சொல்கிறது. சிவப்பணு உடைந்த மாதிரி, கொழுப்பு மிகுந்த மாதிரி எல்லாம் தனி. பிழை 15 சதவீதத்துக்குள், அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கீமோ எடுப்பவர்களிடம் மஞ்சள் காமாலையும் யூரிக் அமில உயர்வும் சாதாரணம் என்பதால், ஆரோக்கியமானவர்களின் ஆறு சீரங்களோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசியாக, அதே நோயாளி மாதிரிகளை எல்.சி.-எம்.எஸ்.-இலும் அளந்து, இரண்டு முறைகளின் வித்தியாசத்தைக் காட்டும் பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் போடுங்கள். தொடர்புக் குணகம் 0.99 என்று மட்டும் காட்டினால், ஒரு முறை எப்போதுமே 30 சதவீதம் கூடக் காட்டுகிறது என்பதுகூட அதில் மறைந்துபோகும்.

16. ஸ்டாண்டர்ட் அடிஷன் செய்தால் சீரத்தின் பாதிப்பு போயிடும்தானே?

ஸ்டாண்டர்ட் அடிஷன் என்பது, அதே மாதிரியில் தெரிந்த அளவு மருந்தைப் படிப்படியாகச் சேர்த்து அளந்து, அந்தக் கோட்டிலிருந்து முதலில் இருந்த அளவைக் கணக்கிடுவது. பாதிப் பாதிப்பு போகும். புரதத்தால் உணர்திறன் குறைந்தால், அதாவது கோட்டின் சாய்வு மாறினால், ஸ்டாண்டர்ட் அடிஷன் அதைச் சரிசெய்யும். ஆனால் அதே வோல்ட்டில் வேறொரு பொருளும் மின்னோட்டம் தந்தால் கோடு முழுவதும் மேலே ஏறும், அதை இந்த முறையால் பிரிக்க முடியாது. லியூகோவோரின் தந்த மின்னோட்டத்தையும் மருந்தாகவே எண்ணிக் கூடுதல் அளவைச் சொல்லும். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் மின்முனை மேலும் அழுக்காவதால் கோடு வளையும் என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் புது அச்சு மின்முனை வைப்பது செலவுதான், ஆனால் நேர்மையான கோடு கிடைக்கும்.

17. குளுக்கோமீட்டர் மாதிரி வீட்டிலேயே பார்க்கிற கருவி ஏன் இன்னும் வரலை?

குளுக்கோமீட்டரும் மின்வேதிக் கருவிதான், அதன் மூலம் 1962-இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனை. ஆனால் குளுக்கோஸ் ரத்தத்தில் 5 மில்லிமோலார் இருக்கிறது, 0.1 மைக்ரோமோலார் மெத்தோட்ரெக்சேட்டைப் போல 50,000 மடங்கு. குளுக்கோஸை மட்டும் பிடிக்கும் நல்ல நொதியும் இருக்கிறது. ஒரு கீமோ மருந்துக்கு அப்படி ஒரு நொதி கிடைப்பது அரிது. பயன்படுத்துவோரின் எண்ணிக்கையும் குறைவு, தப்பான எண் உயிரைப் பறிக்கும் என்பதால் அனுமதிக்கான சோதனைகள் மிகக் கடுமை.

மெத்தோட்ரெக்சேட் அளவின் ரிப்போர்ட் வெளியூர் லேபிலிருந்து வர ஒரு நாள் காத்திருக்கும் சிறிய மருத்துவமனைகளில், படுக்கை அருகிலேயே பார்க்கும் கருவி ஒன்று இருந்தால் பல குழந்தைகளுக்கு நேரத்தோடு மீட்பு மருந்தைக் கூட்ட முடியும். இந்தத் துறையில் நான் இருப்பதற்கு அதுவே காரணம்.

18. ஆப்டாமர் சென்சார்னு சொல்றாங்களே, அதில் இந்தப் பிரச்சினையெல்லாம் இல்லையா?

சில பிரச்சினைகளை அழகாகத் தாண்டியிருக்கிறார்கள். மருந்தைப் பிடிக்கும் டி.என்.ஏ. இழை ஒன்றை (இதுதான் ஆப்டாமர்) தங்க மின்முனையில் கட்டி, அதன் நுனியில் மெத்திலீன் புளூ என்ற சாயத்தை வைக்கிறார்கள். மருந்து வந்து அமர்ந்தால் இழை மடங்கும், மெத்திலீன் புளூவுக்கும் மின்முனைக்கும் இடையிலான எலக்ட்ரான் ஓட்டம் மாறும். மின்முனை படிப்பது மெத்திலீன் புளூவை, மருந்தை அல்ல. அதனால் கேள்வி 3-இல் சொன்ன நிபந்தனை போய்விடுகிறது. அளக்கும் வோல்ட்டும் −0.2, −0.3 பக்கம் என்பதால் யூரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் குறுக்கே வராது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் டாம் சோ, கெவின் பிளாக்ஸ்கோ குழுவினர் 2013-இல் உயிருள்ள எலிகளின் ரத்தத்தில் டாக்ஸோரூபிசினைத் தொடர்ச்சியாக அளந்து காட்டினார்கள்.

மிச்சமுள்ள சிக்கல்கள்: ரத்தத்தில் மணிக்கணக்கில் இருந்தால் சிக்னல் மெதுவாக இறங்கும், தங்கத்தில் கட்டிய இழைகள் கழன்றுபோகும், ஆப்டாமரும் நெருங்கிய உறவு மூலக்கூறுகளை முழுதாகப் பிரித்தறியாது. கேள்வி 13 வேறு உருவில் திரும்ப வருகிறது.

19. ரத்தம் எடுக்கும்போது நாங்க என்ன கவனிக்கணும்? (ஒரு நர்ஸ் கேட்டது)

மருந்து ஏற்றிய அதே குழாயிலிருந்து எடுக்காதீர்கள். குழாயில் ஒட்டியிருக்கும் மருந்து அளவைப் பல மடங்கு கூட்டிக் காட்டும். எடுத்த நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள், ‘காலை’ என்று எழுதினால் 48-ஆ 52-ஆ என்று தெரியாது. மெத்தோட்ரெக்சேட்டும் டாக்ஸோரூபிசினும் வெளிச்சத்தில் சிதையும், எனவே குழாயை அலுமினியத் தாளில் சுற்றி அனுப்புங்கள். ரத்தம் உடைந்து சிவந்த சீரம் வந்தால் அதைக் குறித்துவிடுங்கள். கடைசியாகப் பாராசிட்டமால் எப்போது கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் எங்களுக்குப் பேருதவி.

20. காலேஜ் லேபில் இந்த மருந்துகளைக் கையாளலாமா?

கையாளலாம், ஆனால் முறையாக. இவை செல்லைக் கொல்லும் மருந்துகள். டாக்ஸோரூபிசினும் சிஸ்பிளாட்டினும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற வகையில் இருக்கின்றன. பொடியை எடை போடுவது காற்றை வெளியேற்றும் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹூட்), இரட்டைக் கையுறையோடு. மின்முனையைத் தேய்த்த தாள், பிப்பெட் நுனி எல்லாமே செல்நச்சுக் கழிவு. 2016-இன் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி முத்திரையிட்ட மஞ்சள் கொள்கலனில் போய் எரிக்கப்பட வேண்டும், தொட்டியில் ஊற்றக் கூடாது. மனித சீரம் என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் வேலை தொடங்கும் முன்பே வாங்குங்கள்.

21. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு ஆறு மாசம்தான் இருக்கு. எந்த மருந்து எடுக்கலாம்?

எட்டோபோசைடு எடுங்கள் என்பேன். ஃபீனால் பீக் தெளிவாக வரும், சாதாரண கிளாசி கார்பனே போதும். முதல் மாதத்தை பஃபரில் சி.வி.க்குக் கொடுங்கள். இரண்டாம் மாதமே சீரத்துக்கு வந்துவிடுங்கள். பஃபரில் நான்கு மாதம் மெருகேற்றிவிட்டுக் கடைசி வாரத்தில் சீரம் தொடுபவர்கள்தான் 5-ஆம் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். புதுப் பூச்சு எதுவும் வேண்டாம். புரதம் நீக்கும் மூன்று வழிகளை ஒரே மின்முனையில் ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து மீள்கிறது, எவ்வளவு பின்னணி மிஞ்சுகிறது என்று நேர்மையாகப் பதிவு செய்தாலே பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும் வேலை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, 1953-லிருந்து இயங்குகிறது. கோடையில் அங்கே பயிற்சிக்கு இடம் கேட்டு வழிகாட்டி மூலம் முன்கூட்டியே எழுதிப் பாருங்கள்.